பசுமலை பஸ்ஸில் உலகப் போர்

மூன்றாம் உலகப் போர் மூண்டுவிட்டது என்று பசுமலை பஸ்ஸில் மனதார நம்பியவன் நான். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“மதினி, ஜெர்மனி பூந்து ஜப்பானோடத எல்லாம் காலி பண்ணிருச்சு.”

இறங்கியதும் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கிப் பதுக்குவது என்று முடிவே செய்துவிட்டேன்.

“அமெரிக்கா சும்மாவா இருந்துச்சு?”

“அது மூக்கு ஒழுகிக்கிட்டுப் போர்த்திப் படுத்துக்கெடக்கு.”

அப்போதுதான் உறைத்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இருவரும் ஆயாக்கள். பிள்ளைகளின் பெயர் வாயில் நுழையாததால் நாட்டைச் சொல்லிப் பேசிக்கொள்கிறார்கள். காலியானது ஜப்பான் பிள்ளையின் தட்டிலிருந்த இட்லி.

“அப்ப ஜப்பான் இன்னைக்கும் பட்டினியா?”

“வந்ததுலருந்து எதத் தின்னுச்சு? இப்புடியே இருந்தா ஊருக்கு அனுப்பிருவாகளாம் மதினி. ஆத்தா இல்லாத வீட்டுக்குப் போயி அந்தப் புள்ள என்ன செய்யும்?”

“நீ என்னடி செஞ்ச?”

“மத்தியானம் என் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு அது பக்கத்துல போயி உக்காந்தேன். வேணுமான்னு கேக்கல. நான்பாட்டுக்குத் தயிர்சோத்தப் பெசஞ்சு தின்னேன்.”

“அடி கள்ளி! பெறகு?”

இளையவள் சிரித்தாள். ஆனால் முந்தானை கண்ணுக்குப் போனது.

“மெல்ல நகந்து வந்து, ஆன்னுச்சு மதினி.”

நடந்தது இவ்வளவுதான்: அந்தச் சிறுமி ஆயா கையால் நாலு வாய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அவள் மடியிலேயே தூங்கிவிட்டாள்.