அட்டை மெஷினின் மறுபக்கம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது...

நடுநிசி தாண்டிய நேரம். ஆலைக்குப் பின்னால் ஆளரவமே இல்லாத பாதை. முன்வாசலில் வேலைநிறுத்தக் கூட்டம் உட்கார்ந்திருக்க, பின்வாசல் வழியாகச் சித்தப்பாவைத் திருடன் மாதிரி உள்ளே கூட்டிப் போகிறார் மேனேஜர்.

"இன்னைக்கு மெஷின் ஓட்டலைன்னா நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

வீட்டில் சித்திக்கு நிறைமாதம். மனுஷன் என்னதான் செய்வார்?

அது அட்டைப்பெட்டி ஆலை. வெட்டும் மெஷினுக்கு இந்தப் பக்கம் நெம்புகோலோடு சித்தப்பா. அந்தப் பக்கம் உள்ளே கைவிட்டு அட்டையைச் சரிசெய்ய, எல்லோரும் 'ஒல்லி' என்று கூப்பிடும் கூட்டாளி. நடுவில் இரும்பு மறைப்பு, முகம் தெரியாது. அதனால் இவர் "கை?" என்று கேட்பார். "வெளிய" என்று பதில் வந்த பிறகுதான் இழுப்பார். நேரம் வீணாகிறதாம்... அதை நிறுத்தச் சொன்னார் மேனேஜர். அதே மாதம் ஒல்லியை மெஷின் நசுக்கிக் கொன்றது. கேட்காமல் இழுத்தது சித்தப்பாவின் கை.

"குடிச்சிட்டு வந்தான்" என்று சொல்லிவிட்டார் அந்தப் புண்ணியவான். ஒல்லி வாயில் போட்டதெல்லாம் அட்டைத்தூசிக்கு இருமல் மிட்டாய். இப்போது சொன்னாலும் வயிறு எரிகிறது. சங்கம் கேட்டது இரண்டுதான். கை கேட்கும் வழக்கம் திரும்ப வேண்டும், அந்தப் பொய்யை மேனேஜர் திரும்ப வாங்க வேண்டும்.

அன்று இரவு மேனேஜரே உள்ளே அட்டையை வைத்துவிட்டு வந்தார். "அட்டை வெச்சாச்சு. இழு."

மெஷின் உறுமியது. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று சித்தப்பாவுக்குத் தெரியும். பழகிய வாய், கேட்டுவிட்டது.

"கை?"

இருமல் மிட்டாய் வாசனை வந்தது... மறைப்புக்குப் பின்னாலிருந்து, மெதுவாக...

"உள்ள."

சித்தப்பா நெம்புகோலை விட்டுவிட்டார்.

"யார்கிட்டடா கேக்குற? அங்க எவனும் இல்ல." அவரைத் தள்ளிவிட்டு மேனேஜரே இழுத்தார்.

டொம். கூடவே, ஈர விறகு முறிகிற சத்தம்.

இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். வெறும் அட்டை. ஒரு சொட்டுக் கறை இல்லை.

சித்தப்பா முன்வாசல் வழியாகவே வெளியே வந்தார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

கை கேட்கும் வழக்கம் திரும்ப வந்தது. அந்தப் பொய்யை மட்டும் மேனேஜர் இன்றுவரை திரும்ப வாங்கவில்லை. அவ்வளவு நெஞ்சழுத்தம்.

ஆனால் அவர் வீட்டு வாட்ச்மேன் சொல்கிறார்... பீரோவோ, காரோ, வாசலோ, எந்தக் கதவைச் சாத்தப் போனாலும் நின்று "கை?" என்று கேட்கிறாராம். காது கொடுத்துக் காத்திருக்கிறாராம்.

என்ன பதில் வருகிறதோ. அந்த வீட்டில் இன்றுவரை ஒரு கதவையும் அவர் சாத்தவில்லை.