இருபத்துமூன்றாம் கொக்கி

ஆற்றில் குளிக்க எதற்குக் காசு என்று என்னிடம் கேட்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. பெரிய வண்டியில் வந்து இறங்குகிறவர்தான் அதிகம் கேட்பார். தண்ணீர் தன்பாட்டில் வருகிறது, பாறை தன்பாட்டில் கிடக்கிறது, நடுவில் நீ யாரப்பா என்பார். நான் கோபப்பட்டதே இல்லை. நீங்களும் உட்கார்ந்ததும் அதையேதான் கேட்டீர்கள், சிரித்துக்கொண்டே. பரவாயில்லை ஐயா, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மாப்பிள்ளையின் மணிக்கட்டில் இருந்த தடத்தைப் பற்றியும் கேட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை வேண்டும்.

கட்டணம் வருவதற்கு முன்னால் அந்த இடம் கிடந்த கிடப்பு உங்களுக்குத் தெரிந்திருக்காது. கால் வைத்தால் உடைந்த பாட்டில். பெண்கள் துணி மாற்ற ஒரு மறைப்பு கிடையாது. அது போகட்டும். வருஷத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் செத்துப் போனார்கள். மேலே ஒரு கிலோமீட்டரில் அணை. மின்சாரத்துக்காகத் தினமும் நாலு மணிக்கு மதகைத் திறப்பார்கள். ஆறே நிமிஷத்தில் தண்ணீர் குளிக்கிற இடத்துக்கு வந்துவிடும், இரண்டு ஆள் உயரத்துக்கு. அணையில் சங்கு ஊதுவார்கள்தான். ஆனால் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள், எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. ஓசியில் வருகிறவனை யார் எண்ணப் போகிறார்கள்?

கட்டணம் போட்டார்கள், என்னை உட்கார வைத்தார்கள். தகரக் கூரை, ஒரு ஜன்னல், தட்டினால் மட்டும் சுற்றுகிற மின்விசிறி. பலகையில் அறுபது கொக்கி அடித்து நம்பர் எழுதியது நான்தான், யாரும் சொல்லிச் செய்யவில்லை. காசு கொடுத்தவருக்கு ஒரு அலுமினிய டோக்கன், அதில் சிவப்புக் கயிறு. மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நூற்று நாற்பது படி இறங்க வேண்டும். ஏறி வந்ததும் அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஒரு ஆள் ஆற்றில் இருக்கிறார் என்று அர்த்தம். மூன்றரைக்குப் பலகையைப் பார்ப்பேன். காலிக் கொக்கி இருந்தால் மேட்டில் நின்று விசில் ஊதுவேன், அந்தக் கொக்கி நிறையும் வரைக்கும் ஊதுவேன். பிறகு மூன்றே முக்காலுக்கு அணையிலிருந்து ஆபரேட்டர் போன் பண்ணுவார்.

"கொக்கி நிறைஞ்சுதா?"

"நிறைஞ்சுது."

அவ்வளவுதான் பேச்சு. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. போன வருஷம் இடி விழுந்து சங்கு எரிந்து போனது. துறைக்கு எழுதிப் போட்டோம். டோக்கன் முறையே போதுமானது என்று பதில் வந்தது. படித்துவிட்டு அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. பதினோரு வருஷத்தில் ஒரு உயிர் போகவில்லை ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி மாப்பிள்ளை. என் தங்கையின் வீட்டுக்காரர். ஃபிரிட்ஜ் மெக்கானிக். கைராசிக்காரர் என்று பெயர், வாய் அதைவிடப் பெரிது. அவர் இருக்கிற இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது. ஓய்வு கிடைக்கும் நாளெல்லாம் தங்கையையும் அவள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு வருவார். தங்கைக்கும் குழந்தைக்கும் நானே காசு போட்டு டோக்கன் கட்டிவிடுவேன். அவருக்கு நீட்டினால் வாங்க மாட்டார்.

"மச்சான் கேட்ல உக்காந்திருக்கும்போது நான் காசு குடுத்தா ஊர் சிரிக்காதா?"

"காசு நான் போட்டுட்டேன் மாப்பிள்ளை. டோக்கன மட்டும் கட்டிக்குங்க."

"மாட்டுக்குத்தான் கயிறு. எனக்கு எதுக்கு?"

வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் உள்ளே போய்விடுவார். சில நாள் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு போவார். நான் கண்டும் காணாமல் இருந்துவிடுவேன். தங்கை முகத்துக்காக.

மூன்றரைக்குப் பலகை நிறைந்துவிடும். மாப்பிள்ளை மட்டும் பலகையில் இருக்க மாட்டார், ஆற்றில் இருப்பார். விசில் ஊதினால் ஏற மாட்டார். "விசில் டோக்கன்காரங்களுக்குத்தான மச்சான், எனக்கு நீங்க நேர்ல வந்து கூப்பிடணும்" என்பார். நான் இறங்கிப் போவேன். எனக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போனவை. நூற்று நாற்பது படி இறங்கி, பாறையில் நின்று கூப்பிட்டு, நூற்று நாற்பது படி ஏறுவேன். தலை தெரிந்ததுமே தண்ணீருக்குள்ளிருந்து கத்துவார். "கொக்கி மச்சான் வந்துட்டாரு, எல்லாரும் போய் மாட்டிக்குங்க." இரண்டு வருஷம் இது நடந்தது. ஒரு நாள்கூட நான் இறங்காமல் இருந்ததில்லை.

கொக்கி என்ற பெயர் அப்படி வந்ததுதான். டீக்கடையில் கொக்கி, பஸ்ஸில் கொக்கி. தங்கை பெண், ஏழு வயது, என்னைக் கொக்கி மாமா என்றுதான் கூப்பிடும். குழந்தைக்கு என்ன தெரியும். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

குழந்தையின் பிறந்த நாளுக்குப் போயிருந்தேன். முன்னறையில் இருபது பேர். கேக் வெட்டி முடிந்ததும் மாப்பிள்ளை எழுந்து, இன்றைக்கு மச்சானுக்கும் ஒரு பரிசு உண்டு என்று பளபளப்பான காகிதத்தில் சுற்றி ஒன்றைக் கொடுத்தார். பிரித்தேன். சுவரில் அடிக்கிற இரும்புக் கொக்கி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அதைக் கதவுக்குப் பக்கத்தில் அடித்து என் சட்டையை மாட்டினேன். நல்ல கொக்கி ஐயா, கனமான இரும்பு. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

ஒன்பது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டரை மணிக்கு மாப்பிள்ளை தனியாக வந்தார். வேலைநாள், கூட்டம் குறைவு. ஜன்னலில் நின்றார், நாலு வார்த்தை பேசினார், படியிறங்கிப் போனார். மூன்றேகாலுக்குள் மற்றவர்கள் எல்லாரும் ஏறி வந்து டோக்கனைக் கொடுத்துவிட்டார்கள். கடைசியாக வந்தது ஒரு புது ஜோடி, பெண்ணின் செருப்பு அறுந்திருந்தது, ஊசி நூல் கொடுத்தேன். மூன்றரைக்குப் பலகையைப் பார்த்தேன். மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது.

"கொக்கி நிறைஞ்சுதா?"

"நிறைஞ்சுது."

மதகு திறப்பதற்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. திரும்பப் போன் பண்ணியிருக்கலாம். நான் டீ குடித்த டம்ளரைக் கழுவினேன். நாலு மணி ஆகி ஆறாவது நிமிஷம் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது.

டோக்கன் இல்லாதவர் ஆற்றில் இல்லை. முறை அதுதான், துறையே ஒப்புக்கொண்ட முறை. என் வார்த்தையை நம்பித்தான் ஆபரேட்டர் திறந்தார், அந்த மனுஷன்மேல் ஒரு தப்பும் கிடையாது. செய்தி கேட்டதிலிருந்து அவர் போனில் அழுதுகொண்டே இருக்கிறார். இரண்டு வருஷம் சொல்லிப் பார்த்தேன், மாப்பிள்ளை கேட்கவில்லை. டோக்கனும் வாங்காமல், என் கண்ணிலும் படாமல் இறங்கிவிட்டார் போலிருக்கிறது, நான் என்ன செய்வேன்.

இந்தக் கடைசிப் பேச்சு நான் அன்று சாயங்காலம் தங்கையிடம் சொன்னது. உங்கள் போலீஸ்காரர்களிடமும் இதையேதான் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். ஊரே தலையை ஆட்டியது. ஓசிப் புத்தி உயிரை வாங்கிடுச்சு என்றுகூட ஒருவர் சொன்னார்.

தங்கை மட்டும் வேறு மாதிரி அழுதாள். "சத்தியம் பண்ணிட்டுப் போனாருண்ணா. பாப்பா தலையில கை வெச்சு, இன்னிக்கு டோக்கன் வாங்கறேன்னு சொல்லிட்டுப் போனாரு. பெத்த பிள்ளை தலையில கை வெச்சுப் பொய் சொல்லிட்டாரே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பதினாறாம் நாள் ஆகியும் அதே பேச்சு. அவர் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். அப்பா பொய் சொன்னாரா மாமா என்று குழந்தை என்னிடம் கேட்டது. அது என்னை மாமா என்றுதான் கூப்பிட்டது. கவனித்தேன்.

இனி மணிக்கட்டுத் தடம்.

அன்றைக்கு மாப்பிள்ளை ஜன்னலில் நின்று முதலில் காசை வைத்தார். சில்லறை சரியாக இருந்தது. பலகையில் என் கை போன இடத்தில் இருபத்துமூன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க மச்சான்" என்றார். "அன்னிக்கு அந்தப் பரிசு ரொம்ப ஓவராப் போச்சு. உங்க தங்கச்சி ஒன்பது நாளா எங்கிட்ட முகங்குடுத்துப் பேசல. பாப்பாகிட்டயும் சொல்லிட்டேன், இனிமே மாமான்னுதான் கூப்பிடுவா."

நான் பரவாயில்லை மாப்பிள்ளை என்றேன்.

"இனிமே நீங்க படி இறங்கி வர வேணாம். முட்டி வலியோட உங்கள இழுத்தடிச்சிருக்கேன். விசில் ஊதுங்க, மொத சத்தத்துக்கே வந்துடறேன்."

ஒற்றைக் கையால் கயிறு கட்ட வராது. கையை ஜன்னலுக்குள் நீட்டினார். நான்தான் கட்டினேன். ஈரத்தில் நழுவிவிடக் கூடாதென்று இரண்டு முடிச்சு.

மூன்றரைக்குப் பலகையில் ஐம்பத்தொன்பது டோக்கன் இருந்தது. இருபத்துமூன்றாம் கொக்கி காலி. விசில் என் கழுத்தில்தான் தொங்கியது. வாய்வரைக்கும் கொண்டுபோனேன். அவர் கடிகாரம் கட்டுகிற ஆள் இல்லை. விசில் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நீந்திக்கொண்டிருந்திருப்பார். அந்தக் காலிக் கொக்கியைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தேன். பார்த்துக்கொண்டே நிறைந்தது என்று சொன்னேன்.

ஆள் வீடு திரும்பவில்லை என்று ஐந்தரைக்கு ஊர்க்காரர்களோடு தேடப் போனபோது, நல்ல வெளிச்சம், எல்லாரும் வலப்பக்கம் போனார்கள், நான் இடப்பக்கம் போனேன். அந்த ஆறு எதை எங்கே ஒதுக்கும் என்று எனக்குத் தெரியும். கரையோர வேலிக் கம்பத்தில் சிக்கிக் கிடந்தார். முடிச்சு ஊறி இறுகிப்போயிருந்தது, அவிழ்க்க வரவில்லை, பிளேடால் அறுத்தேன். உங்கள் டாக்டர் கேட்ட தடம் அதுதான். டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டேன். புதுக் கயிறு கோத்து இருபத்துமூன்றில் மாட்டினேன். அறுபது கயிற்றில் ஒன்று மட்டும் சாயம் போகாமல் இருக்கிறதே என்று நீங்கள் கவனித்தது சரிதான்.

என் தங்கைக்கு நீங்கள் யாராவது போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் டோக்கன் வாங்கினார், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், படத்தை எடுத்துத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். நான் வாயைத் திறந்தது அதற்காகத்தான். மற்றபடி எனக்கு மாப்பிள்ளைமேல் ஒரு கோபமும் கிடையாது, அன்றைக்கும் கிடையாது. இரண்டு வருஷமாக நூற்று நாற்பது படி இறங்கினேனே, ஒவ்வொரு படிக்கும் அவரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரு குறை இருந்தது. மன்னிப்புக் கேட்டு, சரியான சில்லறையைக் கொடுத்து, அத்தனையையும் அரை நிமிஷத்தில் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். எப்போதும்போல என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓசியில் போயிருந்தால், எப்போதும்போல இறங்கிப் போய்க் கூப்பிட்டிருப்பேன்.