பத்து முதல் பதினொன்று வரை

“என் பட்டறையில நான் தகரம் தட்டுறதுக்கு உங்க சாமிகிட்ட அனுமதி வாங்கணுமாய்யா?”

“ஒரே ஒரு மணி நேரம்தானே கேக்குறோம். தெரு அடங்கினா சாமி பேசுவாரு.”

“அவரைக் கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லு.”

தகரப் பட்டறைக்காரரும் ரேடியோ மெக்கானிக்கும் இப்படி மல்லுக்கு நின்றபோது நான் குழாயடியில் இருந்தேன். குடம் நிரம்பி வழிந்தது. எடுத்தால் நகர வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன். தொடக்கம் இதுதான், ஐயா.

முப்பது வருஷம் ரேடியோ இரைச்சலைக் கேட்டுக் காது புண்ணானவர் மெக்கானிக். ஊர் வாயை மூடினால் கடவுள் குரல் கேட்கும் என்று மௌன சபை ஆரம்பித்தார். தினமும் காலை பத்து முதல் பதினொன்று வரை. நானும் சேர்ந்தேன். தெரு அடங்கினால் பக்கத்து வீட்டுப் பேச்சு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது தெரியுமா?

முதலில் கெஞ்சினார்கள். பிறகு தையல்காரியின் மெஷினை மாடியிலிருந்து தள்ளினார்கள். அது விழுந்த சத்தத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. சலூன்காரரின் விரலை ஒடித்தார்கள். அவர் அலறியதால் அன்றைக்கு மட்டும் மௌனம் பன்னிரண்டு வரை நீண்டது.

பட்டறைக்காரர் மசியவில்லை. குழாயடியில் என்னைக் காட்டி, “இந்தத் தெருவுலயே பெரிய சத்தம் அக்கா வாய்தான். முதல்ல அதை மூடுங்க,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனதில் வைத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை, ஒன்பது ஐம்பது, நீலச் சட்டை போட்டிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் அவர் மனைவி வந்தாள். “எதுக்கு வம்பு, அந்த ஒரு மணி நேரம் பட்டறையைச் சாத்திட்டு உள்ளயே தூங்கறேன்னுட்டாருக்கா. நீங்களே சபையில சொல்லிடுங்க.”

சொல்லத்தான் இருந்தேன். அவர்கள் மண்ணெண்ணெயோடு வந்தபோது பத்து அடித்துவிட்டது. உள்ளே ஆள் உண்டா என்று மெக்கானிக் சைகையில் கேட்டார். யார் எங்கே என்று இந்தத் தெருவில் என்னைத்தானே கேட்பார்கள். அவ்வளவு பெரிய கதையைச் சைகையில் எப்படிச் சொல்வது? இல்லை என்று தலையாட்டினேன்.

பட்டறைக்கு ஒரே கதவு. பதினொன்று வரை தெருவில் யாரும் வாய் திறக்கவில்லை, அவரைத் தவிர. சாமியும் பேசவில்லை.

உள்ளே ஆள் இருந்தது தெரியாது என்று மெக்கானிக் சிறையில் இன்னும் அழுகிறாராம். பட்டறைக்காரர் மனைவி அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். தையல்காரி சலூன்காரரையே கட்டிக்கொண்டாள். என் மருமகள் என் மகனையும் கூட்டிக்கொண்டு வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டாள். ஊரில் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்த எனக்கு அதற்கு மட்டும் தெரியவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் வாயால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.