மேஸ்திரி சொன்ன பேர்

நெய்வேலியில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு கான்ட்ராக்ட் ஆட்கள். ஒருவர் மேஸ்திரி, தோளில் சிவப்புத் துண்டு. இன்னொருவர் அவருடைய தங்கை புருஷன்.

"எங்க பாத்தாலும் வேல போவுது. எல்லாம் முதலாளித்துவம் பண்ற வேல, மாப்ள" என்றார் மேஸ்திரி.

"அட போ மச்சான். எல்லாத்தையும் சர்க்காரே வெச்சிக்கினு இருந்த நாட்டுல ரொட்டிக்கு வரிசையில நின்னானுங்க. சோஷலிசம் மட்டும் ஒழுங்கா?"

"முதலாளிக்கு நஷ்டம்னா தொழிலாளி தலையிலதான் விடியும். இன்னிக்கி உன் கேட் பாஸ வாங்கிக்கினாங்களே, வேற எதனாலயாம்?"

"அதான் புரியல. நம்ம கேங்குல அத்தினி பேரு இருக்க, என்னை மட்டும் ஏன் நிறுத்தினாங்க?"

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஒருத்தன் பேரு குடுன்னாரு கான்ட்ராக்டர். வேற யாரு பேரச் சொன்னாலும், சொந்தக்காரனக் காப்பாத்திக்கினான்னு பேசுவாங்க. அதான் உம் பேரச் சொல்லிட்டேன்."



மாப்பிள்ளை முத்தாண்டிக்குப்பத்தில் இறங்கும்போதுதான் திரும்பினார்.

"உன் தங்கச்சி கேட்டா முதலாளித்துவம்னே சொல்றேன். நீயும் அதையே சொல்லு, மச்சான்."