பொது நன்மைக்கு ஒரு கெடா

அட உக்காருங்கய்யா, கோயிலு எங்கயும் ஓடிறாது. இம்புட்டு வெயில்ல ரெட்டியார்சத்திரத்துல இருந்து சைக்கிள மிதிச்சுக்கிட்டு வந்திருக்கீக, மூஞ்சியெல்லாம் செவந்து போயிக் கெடக்கு. இந்தாங்க, மோரக் குடிங்க. பச்சமொளகா தட்டிப் போட்டிருக்கேன். செத்த நேரம் நெழல்ல இருந்துட்டுப் போனா ஒண்ணும் குடி முழுகிறாது.

ஆமா, தெரியும். கருப்பன் கோயில்ல கெடா வெட்டுறாகன்னு தகவல் வந்திருக்கு, கையும் களவுமாப் பிடிக்க வந்திருக்கீக. இந்தப் பொட்டக்காட்டுக்கு போலீசு வேற எதுக்கு வரும்? ஸ்டேசனுக்குப் புதுசு போலயே. முந்தாநாத்துதான் வந்து சேந்தீகளா? அதான பாத்தேன். பழைய எஸ்.ஐ. அய்யாவா இருந்தா வெட்டுறது யாருன்னு கேட்டுட்டுத்தான் சைக்கிள்லயே கால வைப்பாரு. ஏட்டையா வரலையா? சின்னக் கேசு, நீங்களே பாத்துக்கங்கன்னுட்டாரா? சரிதான். கஞ்சிக்கில்லாத எவனாச்சும் வெட்டுவான், புடிச்சுட்டு வந்துரலாம்னு நெனச்சிருப்பாரு.

எந்திரிக்காதீகய்யா, இன்னும் வெட்டல. எனக்கு எப்பிடித் தெரியுமா? நீங்க எந்தூரு? கும்பகோணத்துப் பக்கமா? அப்ப ஒங்களுக்கு இந்தச் சங்கதி தெரிய ஞாயமில்ல. இங்கிட்டு கெடாவக் கொண்டாந்து நிறுத்தி மாலையப் போட்டு, அது தலையிலயும் முதுகுலயும் மஞ்சத்தண்ணி தெளிப்போம். தெளிச்சுட்டுக் கையக் கட்டிக்கிட்டு நிப்போம். அது ஒடம்ப ஒரு சிலுப்பு சிலுப்பணும். சிலுப்புனா, சரி, எனக்குச் சம்மதம், கருப்பனுக்கும் சம்மதம்னு அர்த்தம். அதுக்கு முன்னால எவனும் அரிவாளத் தொட மாட்டான். சில கெடா தண்ணி பட்ட ஒடனே சிலுப்பிரும். சிலது மகா பிடிவாதம். ஒரு தடவ ஒண்ணு உச்சி வெயில்ல இருந்து பொழுது சாயுற மட்டும் நின்னுச்சு. மாலையத் தின்னுச்சு, பூசாரி வேட்டிய மென்னுச்சு, சிலுப்ப மட்டும் மாட்டேனுருச்சு. கடைசியில வீட்டுக்கே திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாக. சிலுப்புச்சுன்னா பொம்பளைக கொலவ போடுவாக, இங்கன நல்லாக் கேக்கும். கேக்குற வரைக்கும் நிம்மதியா இருங்க.

சட்டம் இருக்கே அதுக்குன்னு சொல்றீக. இருக்குய்யா, நான் இல்லேன்னா சொன்னேன்? அந்தச் சட்டம் எதுக்கு வந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமோ என்னமோ, எனக்குத் தெரியும். கையெழுத்துக்குப் பெருவெரல நீட்டுறவதான் நானு, ஆனா விளக்கத்த நேர்லயே கேட்டிருக்கேன். எங்க சட்டசபை மெம்பரு பொன்னுச்சாமி இருக்காருல்ல, அவருதான் வந்து சொன்னாரு. சந்தைத் திடல்ல மேடை போட்டு, மைக்குச் செட்டு வச்சு. நான் மோர்ப் பானையோட முன்னாலயே உக்காந்திருந்தேன், கூட்டம்னா நல்லா விக்கும்ல.

அந்த மனுசன் எந்தச் சட்டம் வந்தாலும் ஒடியாந்து சொல்லுவாரு. அதக் கொற சொல்லப்படாது. கள்ளுக்கடைய ஒழிச்சாக, எங்க தாலியக் காப்பாத்தன்னாரு. நெல்ல வண்டியில ஏத்தி ஊரு விட்டு ஊரு கொண்டு போகப்படாதுன்னாக, எல்லார் வீட்டுலயும் ஒல கொதிக்கணுமின்னாரு. எங்க வீட்டுல கொதிக்கலையேன்னா, கொதிக்கும், பொறுங்கன்னாரு. எது போட்டாலும் எங்களுக்காகத்தான். எங்கள நெனச்சு நெனச்சு அந்த மனுசன் மெட்ராசுல ஒறக்கமே இல்லாமக் கெடக்காராம். வயிறு மட்டும் எப்பிடியோ வருசா வருசம் முன்னால வந்துக்கிட்டே இருக்கு.

இந்தக் கெடாச் சட்டத்துக்கு அன்னைக்கு அழுதே போயிட்டாருய்யா. மெய்யாத்தான்! வாயில்லாச் சீவன், தாய்மார்களே, அது ஒங்களப் பாத்து அம்மான்னு கூப்புடுது, அது கழுத்துல கத்திய வைக்க எப்பிடி மனசு வந்துச்சுன்னு துண்ட எடுத்துக் கண்ணத் தொடச்சாரு. காந்தி மகான் பேர்ல ஒரு கிராமமே பக்கத்துல வச்சுக்கிட்டு ரத்தம் சிந்தலாமான்னாரு. வெளிநாட்டுக்காரன் பாத்தா நம்மள என்ன நெனப்பான்னாரு. எந்த வெளிநாட்டுக்காரன் எங்க கருப்பனப் பாக்க வரிசையில நிக்கிறான்னு எனக்கு விளங்கல. கொடைரோட்டுல எறங்குன தொரமாருக எல்லாம் நேரா கொடைக்கானல் மலைக்கில்ல ஏறிப் போனாக!

எனக்கு வாய் சும்மா இருக்காது. எந்திரிச்சுக் கேட்டேன். அய்யா, சீவன் மேல எரக்கம்னா சரி, அப்ப சந்தையில கிதர் முகம்மது பாய் கறிக்கடையையும் மூடிருவீகளான்னு. பாய் அங்கனதான் நின்னாரு, என்னய எதுக்கு ஆத்தா இழுக்குறன்னு பதறிப் போயிட்டாரு. மெம்பரு சிரிச்சாரு. அது ஆகாரம்மா, இது பலி, சட்டம் பலிக்குத்தான்னாரு. நாங்களும் தின்னத்தான வெட்டுறோம்? கருப்பன் ஒரு துண்டு கறி வாயில வச்சு நான் பாத்ததில்ல. எல்லாம் எங்க வீட்டு வெஞ்சனத்துக்குத்தான் வருது. ஆக, கெடா சாகலாம், கருப்பன் பாக்கத்தான் சாகப்படாது. அது அந்தக் கெடாவுக்கு எந்த வகையில எரக்கம்னு கேட்டேன். ஒக்காரும்மா, பொது நன்மைன்னு ஒண்ணு இருக்குன்னாரு. பொதுன்னா யாருய்யான்னேன். நீங்க எல்லாருந்தான்னாரு. நாங்களா? எங்கள எவனும் கேக்கலையே! கெடாவுக்கே தண்ணி தெளிச்சுச் சம்மதம் கேக்குறோம், எங்க தலையில எவன் ஒரு சொட்டு தெளிச்சான்? அம்புட்டுக் கூட்டமும் சிரிச்சிருச்சு. மெம்பரு மட்டும் சிரிக்கல.

என்ன, நீங்களும் சிரிக்கிறீக? சிரிங்க, சிரிங்க. சிரிச்சா நல்லாத்தான் இருக்கீக.

ஆனா அப்பறம் நடந்தது சிரிக்கிற சங்கதி இல்ல. எங்க வீட்டுக்காரருதான் இந்தக் கருப்பனுக்குப் பூசாரி. இருந்தாரு. பேரா? அத நான் எப்பிடிச் சொல்லுவேன், புருசன் பேரு! எம் பேரு வேணா சொல்றேன், பேச்சியம்மா. போன வருசம் சித்திரையில மூக்காயின்னு ஒருத்தி, புருசன மாடு முட்டிச் சாகக் கெடந்து பொழைச்சான், அதுக்கு ஒரு கெடா நேந்திருந்தா. சட்டம் வேற வந்திருச்சு. எங்க வீட்டுக்காரரு யோசிச்சாரு. கோயில்லயும் கோயில் எல்லையிலயுந்தான வெட்டப்படாது? சரி, கருப்பன் அரிவாள மட்டும் எடுத்துட்டுப் போயி மூக்காயி சோளக்காட்டுல நட்டு வைப்போம், கும்புட்டுட்டு அங்கன வெட்டுவோம், சட்டத்துக்கும் பங்கமில்ல, சாமிக்கும் கொறையில்லன்னாரு. எம்புட்டுப் புத்திசாலித்தனம் பாருங்க! நாங்க அம்புட்டுப் பேரும் தலைய ஆட்டுனோம்.

போலீசு சோளத்துக்குள்ளயே உக்காந்திருந்துச்சு. கெடா சிலுப்புற வரைக்கும் பேசாம இருந்து, அரிவாள் எறங்குன ஒடனே பாஞ்சு புடிச்சாக. இது கோயில் இல்லைய்யா, சோளக்காடுன்னு இவரு சொல்றாரு. கருப்பன் அரிவாள் நின்ன எடமெல்லாம் கோயிலுதான்டான்னு சொல்லி அடிச்சாக. எங்களுக்கே அம்புட்டு பக்தி கெடையாதுய்யா. கெடாவச் சாட்சிக்குன்னு தூக்கிட்டுப் போனாக. அந்தச் சாட்சி எந்தச் சட்டியில வெந்து என்ன சொல்லுச்சோ, கோர்ட்டுக் கச்சேரிக்கு மட்டும் வரவேயில்ல. இவரு ஒரு மாசம் உள்ள இருந்தாரு.

வெளிய வந்தா பூசாரித்தனம் போச்சு. ஊர்க்கூட்டம் போட்டு, ஜெயிலுக்குப் போனவன் கையால ஊரு விபூதி வாங்கலாமான்னு கேட்டது யாருங்குறீக? மெம்பருதான். அதுவும் பொது நன்மைக்குத்தானாம். அவரு சொந்தக்காரன் சோலைமலைய உக்கார வச்சாக. எங்க மாமனாரு, அவுக அப்பா, அதுக்கு முன்னால யாரோ, எல்லாரும் தொட்டுக் கும்புட்ட சாமி. இப்ப கோயில் மணி அடிச்சா எம் புருசன் எந்திரிச்சு தோட்டத்துக் கெணத்துப் பக்கம் போயிருவாரு. எதுக்குப் போறீகன்னு கேட்டா தண்ணி பாக்கன்னுவாரு. அந்தக் கெணத்துல தண்ணி வத்தி எம்புட்டோ நாளாச்சு. நீ செஞ்சது தப்புன்னு யாராச்சும் விளங்கச் சொன்னாக் கூட அவரு ஏத்துக்குவாருய்யா. எதுக்குன்னே தெரியாம மனுசன் ஒடிஞ்சு போயிட்டாரு. எனக்கு வயிறு எரியுது. ராவும் பகலும் எரியுது.

இன்னைக்கு வெட்டுறது யாருன்னு கேக்குறீக. ஒரு பெரிய மனுசருய்யா. தை மாசம் அவருக்கு ஒரு கண்டம். தப்பிக்கவே மாட்டாருன்னு ஊரெல்லாம் பேச்சு, அவருக்கே நம்பிக்க விட்டுப் போச்சு. நேரா இங்க வந்து நெடுஞ்சாண்கிடையா விழுந்தாரு. கருப்பா, இந்தத் தடவ என்னயக் கர ஏத்தி விட்டுரு, கொம்பு சீவுன கருங்கெடா தாரேன்னு நேந்தாரு. நான் கோயிலுக்குப் பின்னால சுள்ளி பெறக்கிக்கிட்டு இருந்தேன், எங்காதாரக் கேட்டேன். கர ஏறிட்டாரு. ஏறுன பெறகு வெட்டலேன்னா சாமி விடுமா? சம்சாரத்துக்குக் கனவுல வந்து கருப்பன் முறைக்கிறாராம், அந்தம்மா சோறு திங்க மாட்டேங்குதாம்.

வெட்ட ஆளு வேணுமே. சோலைமலை மாட்டேனுட்டான், கேசுன்னா அவனுக்குப் பயம். அதுக்காக எங்க வீட்டுக்கே ஆளனுப்புனாக, வெக்கமில்லாம. ஏற்கெனவே உள்ள போயிட்டு வந்தவன்தான, இன்னொருக்கா போனா என்ன கொறஞ்சிரப் போறான்னு சொல்லி விட்டாகளாம். எங்க வீட்டுக்காரரு சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நாந்தான் வாசல்ல வந்து சொன்னேன். நேந்தவுக கையாலயே வெட்டுனாத்தான் கருப்பன் கணக்குத் தீப்பாரு, அடுத்தவன் கை பட்டா கண்டம் திரும்பி வந்துருமின்னு. அப்பிடி ஒரு வழக்கம் இருக்கான்னா கேக்குறீக? நான் சொன்னதுல இருந்து இருக்கு. அந்தச் சம்சாரம் நம்பிருச்சு, எனக்கு அது போதும்.

சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், எவனா இருந்தாலும் விலங்குதாங்குறீக. சந்தோசம்யா. மகராசனா இருங்க. அதுக்குத்தான் விடியக்காலம் எந்திரிச்சு அம்புட்டுத் தூரம் நடந்து வந்து ஸ்டேசன் வாசல்ல சொல்லிட்டு வந்தேன். ஆமா, தகவல் சொன்ன பொம்பள நாந்தான். வெட்டுறது யாருன்னு கேட்டாக, எவனோ காட்டுக்காரன்னு சொல்லிட்டேன். உண்மையச் சொல்லிருந்தா நீங்க வந்திருப்பீகளா, ஏட்டையாதான் விட்டிருப்பாரா?

அந்தா! கொலவ கேட்டுச்சா? சிலுப்பிருச்சு! இப்ப எந்திரிங்கய்யா, ஓடுங்க. இதுக்கு முன்னால போயிருந்தா கெடாவுக்குத் தின்னக் கொழதழ போட வந்தேன்னு சொல்லிருப்பாரு, அதான் ஒங்களப் பிடிச்சு வச்சேன். இப்ப அரிவாள் கையில இருக்கும். புளியமரத்த ஒட்டிப் போங்க, சொவரு இடிஞ்சிருக்கும். ஆளத் தேட வேணாம். கதர்ச் சட்ட, தங்கப் பிரேம் போட்ட கண்ணாடி, முன்னால தள்ளுன வயிறு. நம்ம மெம்பரு பொன்னுச்சாமிதான்.

ஆமாய்யா, அவரேதான். எலெக்சன் கண்டம்தான் அது, வேறென்ன கண்டம் வரும் அவருக்கு?

என்னய்யா, எந்திரிச்சவரு உக்காந்துட்டீக? தொப்பியக் கழட்டிட்டீக. இன்னொரு செம்பு மோரா? தாரேன், குடிங்க. சிந்தாமக் குடிங்க.

சரி. பிள்ளகுட்டிக்காரரு, புது எடம், நான் கூப்பாடு போட மாட்டேன். சைக்கிள எடுத்துக்கிட்டு வந்த வழியே போங்க, இந்தப் பக்கம் வரவேயில்லன்னு வச்சுக்கிறேன். போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. மூக்காயி கெடாவுக்கு எம் புருசன எதுக்குக் கூட்டிட்டுப் போனாக? மைக்கு வேணாம், மேடை வேணாம். நான் வீட்டுக்குப் போனா அந்த மனுசன் சுவத்தப் பாத்துப் படுத்திருப்பாரு, அவருகிட்டப் போயி நான் சொல்லணும். அவருக்கு வெளங்குற மாதிரி ஒரு காரணம் சொல்லுங்கய்யா, கேட்டுக்கிறேன்.