மீன் குழம்புச் சட்டி

“நேத்து எம் பெரியவ இவள முதுகுல ஒண்ணு வச்சா. அப்பாடான்னு இருந்துச்சுக்கா.”

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் இப்படிச் சொன்னாள். கூலித் தகராறில் நடவு நின்றுபோயிருந்ததால் பகலிலேயே பஸ்ஸில் கூட்டம். அவள் மடியில் ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி கண்மூடிப் படுத்திருந்தாள்.

“நெஞ்சுல ஓட்டைன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு அலையிற புள்ளையவா அடிச்சா?”

“ஆமாக்கா. டாக்டர் சொன்னதுலேருந்து பெரியவ இவளுக்கு எல்லாத்தையும் விட்டுக்குடுத்துடுறா. மீன் குழம்புச் சட்டியில சோறு போட்டுப் பிசைஞ்சா முன்னெல்லாம் ரெண்டும் அடிச்சிக்கும். இப்ப சட்டியோட இவகிட்ட தள்ளிடுறா. போன வாரம் இவ கேக்குறா, ‘அக்கா எங்கூட சண்டையே போட மாட்டேங்குது, நான் செத்துப்போயிடுவேனாம்மா’ன்னு.”

“அடக் கடவுளே. நீ என்ன சொன்ன?”

“பெரியவளத் தனியாக் கூப்புட்டு, இனிமே சட்டிய விட்டுக்குடுக்காதடின்னு சொன்னேன். நேத்து ரெண்டும் இழுத்த இழுப்புல சட்டி ஒடையாம தப்பிச்சுது.”

“கடைசியில யாருக்குக் கெடச்சுது?”

“பெரியவளுக்குத்தான்.”

மடியில் கிடந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“நான் கடிச்சத சொல்லும்மா.”