ரெண்டாவது ரத்தம்

காலையில் ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு பெரும்பாலும் காலியாகவே இருக்கும். எனக்கு அது வசதிதான். பையை அங்கே வைத்துவிட்டு, புஸ்தகத்தை மடியில் விரித்து, மாதனூர் தாண்டுவதற்குள் ஒரு பாடம் முடித்துவிடுவேன். எங்கள் தெரு தோல் பதனிடும் டேனரியின் பின்சுவரை ஒட்டியது. அந்த வாசனை முடியில் ஏறிவிட்டால் சீயக்காய்க்கும் போகாது. உட்கார வருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு பின்னால் நகர்ந்துவிடுவார்கள்.

இதை எழுதச் சொன்னது நீங்கள்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. "படிச்ச பொண்ணுதானே, உன் கையாலயே எழுதிக் குடும்மா" என்றீர்கள். சரி. எங்கம்மா ராஜம்மாள் கைநாட்டு. அப்பாவும் கைநாட்டாகவே செத்தார். எங்கள் குடும்பத்தில் போலீசுக்குச் சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கும் முதல் ஆள் நான். அந்தப் பெருமையும் எனக்கே இருக்கட்டும்.

என் பெயர் தனகோடி. படித்தது எம்.எஸ்ஸி. கிருமி உடம்புக்குள் வந்தால் ரத்தம் அதற்கு ஒரு பதில் சொல்லும். அந்தப் பதிலை அளப்பதுதான் என் படிப்பு. அளக்க வேண்டுமென்றால் ரத்தம் ரெண்டு தடவை எடுக்க வேண்டும். நோய் தெரிந்தவுடனே ஒரு தடவை, ரெண்டு வாரம் போல் கழித்து இன்னொரு தடவை. முதல் ரத்தத்தில் இல்லாத எதிர்ப்பு ரெண்டாவது ரத்தத்தில் ஏறியிருந்தால், வந்தது இந்த நோய்தான் என்று அடித்துச் சொல்லலாம். ரெண்டையும் சேர்த்து ஜோடி என்போம்.

நான் எடுத்துக்கொண்ட நோய் அடைப்பான், இங்கிலீஷில் ஆந்த்ராக்ஸ். ஆடு மாடு வளர்க்கிறவர்களுக்கு இந்தப் பேர் தெரியும். தோல் தூக்குகிறவர்களுக்குத் தெரியாது. மாடு அவர்களிடம் வரும்போது வெறும் தோலாகத்தானே வருகிறது. அது எதனால் செத்தது என்று தோலில் எழுதியிருக்காது.

இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டேனரியில் எல்லாப் புண்ணும் வலிக்கும். சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவனுக்கு விரலிடுக்கில் ஓட்டை விழும். சோறு பிசைந்தால் உயிர் போகும். தோலைப் பதப்படுத்துகிற குரோம் பட்ட இடம் எரியும். அதனால் எங்கள் ஆட்கள் நோயை வலியை வைத்துத்தான் அளப்பார்கள். லீவு கேட்டால் மேஸ்திரி முதலில் கேட்பது, "வலிக்குதா?" என்பது. "இல்ல மேஸ்திரி." "அப்ப இன்னாத்துக்குடா லீவு? தூக்கு." அடைப்பான் கட்டி வலிக்காது. நடுவில் கரித்துண்டு மாதிரிக் கறுத்து, சுற்றி வீங்கும்; அழுத்தினாலும் வலிக்காது. புஸ்தகத்தில் அதை முக்கியமான அடையாளமாகப் போட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் அதை அதிர்ஷ்டம் என்று நினைக்கிறார்கள்.

முதலில் எனக்குக் கிடைத்தவர் அப்துல் கஃபார், ஆட்டு முடி பிரிக்கிற வேலை. முழங்கையில் கட்டி. நானே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பென்சிலின் ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டார். அவர் சம்சாரம் ஹலீமா பீ எங்கள் வீட்டுக்குத் தூக்குவாளி நிறைய பிரியாணி அனுப்பினார். ஆனால் ரெண்டாவது ரத்தத்தில் ஒன்றும் ஏறவில்லை. மருந்து கிருமியைச் சீக்கிரமே கொன்றுவிட்டால் ரத்தத்துக்குப் பதில் சொல்ல வேலை இல்லை. என் கைடு டாக்டர் கோதண்டராமன் சார், "நல்ல காரியம் பண்ணினேம்மா. ஆனா இந்த ரத்தம் உனக்கு உதவாது. மருந்து படாத ஒரே ஒரு ஜோடி கிடைச்சாப் போதும், நீ முடிச்சிடலாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்குக்குச் சொன்னார்.

இப்போது கனகராஜ் மாமாவைப் பற்றி.

அம்மாவின் கடைசித் தம்பி. எனக்குப் பேசி வைத்தவர். நான் ஏழாவது படிக்கும்போதே பேசிவிட்டார்கள். அப்பா செத்த பிறகு பச்சைத் தோல் குடோனில் சுமை தூக்கி எங்களைப் பார்த்துக்கொண்டது அவர்தான். "அது படிக்கிற வரைக்கும் படிக்கட்டும்க்கா, கல்யாணம் எங்க ஓடிப்போவுது" என்று அம்மாவிடம் சொன்னது அவர். பி.எஸ்ஸி. முடித்ததும் எம்.எஸ்ஸி.க்கு அனுப்பியதும் அவர். தெருவே அவரைக் கொண்டாடியது. "கட்டிக்கப் போறவள காலேஜுக்கு அனுப்பிட்டு இவன் தோல் தூக்குறான் பாரு, மனுசன்." குழாயடியில், ரேஷன் கடையில், பஸ் ஸ்டாண்டில், எங்கே போனாலும் இதை என் காதில் போடுவார்கள். நான் பரீட்சையில் முதல் வந்தாலும் பாராட்டு அவருக்குத்தான்.

அவர் குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். சாப்பாட்டு டப்பாவை நான் மறந்துவிட்டுப் போனால் சைக்கிளில் துரத்திவந்து ஜன்னல் வழியாகக் கொடுப்பார். "டாக்டரம்மா, எனக்கும் ஒரு ஊசி போட்டு லீவு எழுதிக் குடேன், சினிமாவுக்குப் போவணும்" என்பார். பஸ்ஸே சிரிக்கும். நான் டாக்டர் இல்லை என்று நூறு தடவை சொல்லியிருப்பேன்.

கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கெட்டவனை வேண்டாம் என்று சொல்லலாம். நாலு பேர் நம் பக்கம் வருவார்கள். நல்லவரை வேண்டாம் என்றால் நாம்தான் கெட்டவள்.

சொல்லாமலும் இருக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே, "இன்னாடி கொறச்சல் என் தம்பிக்கு? உனக்குப் படிப்பு ஜாஸ்தியாய்ட்டுது, அதான்" என்றாள். நேரே மாமாவிடமும் சொன்னேன். பாலாற்றுப் பாலத்தின் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தோம். "மாமா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்." அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "பரீட்ச பேஜார்ல பேசற பாப்பா. முடிச்சுட்டுச் சொல்லு. நான் எங்க போய்டப் போறேன்?"

அந்த வார்த்தையை நான் நிறைய நாள் யோசித்தேன். அவர் எங்கேயும் போகப் போவதில்லை. படிப்பை முடித்தால் கல்யாணம். தோற்றாலும் கல்யாணம். ஆவணியில் என்று முடிவாகிவிட்டது. நான் தாண்டிய ஒவ்வொரு வகுப்பும் என்னை அந்தப் பந்தலுக்குத்தான் ஒரு அடி தள்ளியது. கதவைத் திறக்கத் திறக்க அதே வீட்டின் உள்ளறைக்கே போய்க்கொண்டிருந்தேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தவர் கூப்பிட்டார். "பாப்பா, இத்தப் பாரு. கொசு கடிச்சுதுன்னு சொறிஞ்சேன். கறுத்துப் போச்சு." கழுத்தில், தோல்கட்டு அழுத்துகிற இடத்தில், காசு அளவுக்கு. சுற்றிலும் சின்னக் கொப்புளங்கள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் முறைப்படி செய்தேன். ஓரத்திலிருந்து கொஞ்சம் நீர் எடுத்து லேப் ஸ்லைடில் தடவிக்கொண்டேன். முதல் ரத்தமும் எடுத்தேன். அவர் கையை நீட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, பாரு, உன் பொண்ணு கல்யாணத்துக்கு முந்தியே என் ரத்தத்த உறிஞ்சுது."

மறுநாள் லேபில் நுண்ணோக்கியில் பார்த்தேன். மூங்கில் கணுக்களைக் கோத்த மாதிரி, வரிசை வரிசையாக அடைப்பான் கிருமி. இவ்வளவு சுத்தமாக நான் அதுவரை பார்த்ததில்லை. பெட்டியில் பென்சிலின் இருந்தது. ஆஸ்பத்திரி அந்தப் பக்கத்துக் கட்டடம். ரோட்டைத் தாண்டினால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "இன்னா சொல்லுது உன் மிஷினு?"

நான், "வலிக்குதா மாமா?" என்றேன்.

"சுத்தமா இல்ல."

"அப்ப இன்னா?"

"அதான் நானும் சொன்னேன்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஐயா, இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். நான் பொய் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. மேஸ்திரி கேட்பதைக் கேட்டேன். தெருவில் எல்லாரும் கேட்பதைக் கேட்டேன். பதில் அவர் சொன்னது.

தானாக ஆறிவிடவும் வாய்ப்பு இருந்தது. நிறையப் பேருக்கு ஆறிவிடுகிறது. பேரணாம்பட்டில் தோல் மண்டி வாட்ச்மேன் பெருமாள் என்று ஒருவர். நான் எவ்வளவு கெஞ்சியும், "ஆஸ்பத்திரிக்குப் போனவன் எவன் திரும்பினான்?" என்று வர மறுத்துவிட்டார். மணிக்கட்டில் வந்த கட்டி தானே காய்ந்து உதிர்ந்தது. இப்பவும் கேட்டில் உட்கார்ந்து பீடி குடிக்கிறார். மாமாவுக்கும் அப்படி ஆகலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கழுத்தில் வந்தால் அப்படி ஆவது கம்மி. வீக்கம் மூச்சுக்குழாயை அழுத்தும். அதுவும் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

வீக்கம் மெதுவாகத்தான் ஏறியது. முதலில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அப்புறம் தலையைத் திருப்ப முடியவில்லை. அப்பவும் வலியில்லை என்பதால் வேலைக்குப் போனார். குடோனில், "இன்னாடா கனகராஜி, மாப்பிள்ள களை கழுத்துலயே ஏறிடுச்சா" என்று கிண்டல் செய்தார்களாம். அதை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் வந்தது.

ரெண்டு வாரம் ஆகப் போகிற சமயம் காய்ச்சல் கண்டு படுத்தபோது அம்மா பயந்துவிட்டாள். "டாக்டர்கிட்ட போலாம்டா தம்பி." அவர் என்னைப் பார்த்தார். "வூட்லயே டாக்டர வச்சினு வெளிய போவாங்களா? பாப்பா சொன்னாப் போலாம்." அம்மாவும் என்னைப் பார்த்தாள். நான், "இப்ப அவர அசைக்கக் கூடாதும்மா" என்றேன். அம்மா உடனே அடங்கிவிட்டாள். என் படிப்பை அவள் மதித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையில் ரெண்டாவது ரத்தம் எடுத்தேன். காய்ச்சலில் உடம்பு வற்றி, கையில் நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை. ரெண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டியிருந்தது. குரல் போய்விட்டது. உதடு அசைவதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். "எடுத்துக்க பாப்பா. உன் படிப்புக்குத்தானே." பஞ்சை வைத்து அழுத்திக் கையை மடக்கிவிட்டேன். மடக்கிய கையை மடக்கியபடியே வைத்திருந்தார். உச்சி வெயில் ஏறுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அம்மா விஷக்கட்டி என்று சொல்லி அழுதாள். தெருவும் அப்படியே சொன்னது. என்னைப் பார்த்து, "ஐயோ பாவம், தாலி ஏறுறதுக்கு முந்தியே அறுத்துட்டானே கடவுள்" என்றார்கள்.

அந்த ஜோடி அருமையாக வந்தது. கோதண்டராமன் சார் தட்டிக்கொடுத்தார். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்திருந்த பெரியவரும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வெரி குட்" என்றார். அப்புறம் கிளம்பும்போது கேட்கிற மாதிரி, சும்மாதான் கேட்டார். "இந்தப் பேஷன்ட் இப்ப எப்படி இருக்கார்?"

"இறந்துட்டார் சார்."

"மருந்து ஏன் கொடுக்கலை?"

"அவர் கேக்கல சார்."

பெரியவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அங்கிருந்துதான் விஷயம் உங்களிடம் வந்தது.

கோதண்டராமன் சார் உங்களிடம் பேசியதை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும் கேட்டேன். "படிப்பு வெறி சார். அந்த ஒரு ஜோடிக்காகக் கண்ணு மறைஞ்சுபோச்சு. நான்தான் தூண்டிவிட்டுட்டேன்" என்று அழுதார். நல்ல மனிதர். அவர் சொன்னதையே எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். இவ்வளவு தூரம் அப்படித்தான் எழுதியும் வந்திருக்கிறேன். ஆனால் அவர் அழுவது வீண்.

பேரணாம்பட்டு பெருமாளிடம் நான் ரெண்டு தடவையும் ரத்தம் எடுத்திருந்தேன். மாசியிலேயே. நானே தனியாகப் பரிசோதித்தும் பார்த்தேன். நன்றாக ஏறியிருந்தது. மருந்து படாத ஜோடி, சார் கேட்ட மாதிரியே. சாரிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே என் படிப்பு முடிந்திருக்கும். முடிந்திருந்தால் கல்யாணத்துக்கு ஆவணி வரை காத்திருக்கக்கூட மாட்டார்கள். அதனால், அந்த ஆள் ரெண்டாவது தடவை வரவில்லை என்று சாரிடம் சொல்லிவிட்டு, குழாயை ஃப்ரிட்ஜில் பின்வரிசையில் தள்ளி வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கும்.

ஆக, வைகாசியில் மாமா கழுத்தைக் காட்டியபோது என் படிப்புக்கு அவர் ரத்தம் ஒரு சொட்டுக்கூடத் தேவைப்படவில்லை. இதை நான் யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன். ரெண்டாவது ரத்தம் மட்டும் பின்னே எதற்கு எடுத்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். எடுக்காமல் விட்டிருந்தால், அவரை வீணாகச் சாகவிட்ட மாதிரி ஆகியிருக்கும், ஐயா.